நல்ல தண்ணிக்கு மட்டும்

ஓசூர்
23.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

செந்தமிழ் எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்குது, அண்ணி எப்படி இருக்காங்கன்னு எழுது.

கையில போனை வெச்சுக்கிட்டு இவ இன்னாத்துக்குக் கடிதம் எழுதுறான்னு நினைப்பே. போன்ல கேட்டா சிரிக்கிற. மறுபடி கேட்டா சிக்னல் இல்லன்னு வெச்சிடுற. காகிதத்துல சிரிச்சு மழுப்ப முடியாது, அதான் எழுதுறேன். பதிலும் காகிதத்துலதான் வேணும். அதுவரைக்கும் உன் போனை எடுக்க மாட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கேன்டீன்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். சுவத்துல மாட்டியிருக்கற டிவியில எங்க கம்பெனி விளம்பரம் ஓடிச்சு. உப்பளம். வெயில்ல பளபளன்னு உப்புக் குவியல். வரப்பு மேல வரிசையா நம்ம ஆளுங்க கையைத் தூக்கிக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஒவ்வொருத்தர் விரல்லயும் எங்க ஸ்மார்ட் மோதிரம். முன்னால மேஸ்திரி நீ, கழுத்துல கம்பெனி அட்டை தொங்குது. பக்கத்துல பூவிழி, என்கூட ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவ. "மரக்காணம் உப்பளத்திலும் நாங்கள்"னு எழுத்து ஓடுது. எதிர்ல இருந்த பொண்ணு, "உங்க ஊராக்கா?"ன்னு கேட்டா. தட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்துட்டேன்.

நான் இங்க என்ன வேலை செய்யறேன்னு உனக்குத் தெரியும். அந்த மோதிரத்துக்குள்ள தண்ணி போகுதா இல்லையான்னு பாக்கற வேலை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

நீ கேக்காததால நானே சொல்றேன். அந்த மோதிரத்துக்கு மூடி கிடையாது. சார்ஜ் போட ஓட்டை கிடையாது, தட்டு மேல வெச்சாலே ஏறிக்கும். வெளியில டைட்டானியம் வளையம். அதுக்குள்ள நகம் மாதிரி வளைச்ச பேட்டரி, மெல்லிசா ஒரு சர்க்யூட், நாடி பாக்கறதுக்குச் சின்னச் சின்ன விளக்கு. எல்லாத்தையும் உக்கார வெச்சு, உள்பக்கம் முழுக்க கண்ணாடி மாதிரி ஒரு பிசினை ஊத்துவாங்க. குமிழி நின்னா அந்த வழியா தண்ணி நுழையும்னு, காத்தை உறிஞ்சி எடுத்துட்டு, சூட்டுல வெச்சு இறுக வைப்பாங்க. தண்ணியைத் தடுக்கறது அந்தப் பிசின் ஒண்ணுதான். அப்புறம் என்கிட்ட வரும். தொட்டியில போட்டு, ஐம்பது மீட்டர் ஆழத்துல என்ன அழுத்தம் இருக்குமோ அதைக் கொடுத்து, எடுத்துத் துடைச்சுப் பாத்துட்டு பாஸ் போடுவேன்.

அந்தத் தொட்டியில இருக்கறது நல்ல தண்ணி. குழாய்ல வர்ற தண்ணி. நம்ம உப்புப் பாத்தித் தண்ணியை அது வாழ்நாள்ல பாத்ததில்ல.

வெயில் ஏறறதுக்குள்ள எல்லார்கிட்ட இருந்தும் கழட்டி வாங்கி வை. வாங்கிட்டேன்னு எழுது.

அன்புத் தங்கச்சி,
செந்தமிழ்

---

மரக்காணம்
9.3.2025

அன்புத் தங்கச்சி செந்தமிழுக்கு அண்ணன் தனகோடியோட ஆசீர்வாதம்.

இங்க அம்மா, உங்க அண்ணி, நான் எல்லாரும் நல்லபடியா இருக்கோம். அம்மா முழங்காலுக்குத் திண்டிவனத்துல தைலம் வாங்கிக் கொடுத்திருக்கேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு. பள்ளிக்கூடத்தை விட்டதுக்கப்புறம் நான் எழுதற முதல் கடிதம் இது, எழுத்தைப் பாத்துச் சிரிக்காதே.

மழையில கரைஞ்ச வரப்பெல்லாம் சரி பண்ணி தையிலயே உப்பு வார ஆரம்பிச்சுட்டோம். இந்த வருஷம் நல்ல வெள்ளை.

மோதிரத்துக்கு ஏன் பாப்பா இவ்வளவு கோவம்? போன மே மாசம் கண்ணாயிரம் விழுந்தது உனக்குத் தெரியும். வாரிக்கிட்டே இருந்தவன் வெயில் தாங்காம அப்படியே பாத்தியில குப்புற விழுந்தான். தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டுக்கு ஓடினேன். ரோடு வர்றதுக்குள்ள அவன் உடம்பு கனத்துப் போச்சு. அந்தக் கனம் இன்னும் என் தோளை விட்டுப் போகல. இந்த மோதிரம் போட்டிருந்தா நாடி தப்புறப்பவே என் போன்ல சத்தம் வரும், ஆளை நிழல்ல உக்கார வைக்கலாம்னு கம்பெனிக்காரங்க வந்து சொன்னாங்க. காசும் கேக்கல. வேணாம்னு நான் சொல்லியிருக்கணுமா?

ஐம்பது மீட்டர் ஆழம் தாங்கும்னு டப்பாவுல போட்டிருக்குது. போட்டது உங்க கம்பெனி, சோதிச்சது நீ. நம்ம பாத்தியில கணுக்கால் நனையற அளவுக்குத்தான் தண்ணி. இதுக்கு மேல இன்னா பயம்?

இன்னொரு சந்தோஷமான சேதி. இந்தக் கரையில எல்லா அளத்துக்கும் என்னையே கம்பெனி சூப்பர்வைசரா போடப் போறாங்களாம். அட்டையில என் பேரு இங்கிலீஷ்ல அடிச்சிருக்குது. அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாங்க.

மனசைப் போட்டு அலட்டிக்காதே.

உன் அண்ணன்,
தனகோடி

---

ஓசூர்
23.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அம்மாவைத் தைலம் தேய்ச்சுட்டு உடனே நடக்க வேணாம்னு சொல்லு.

ஆழம் ஒரு பிரச்சினையே இல்ல. நனையறதும் காயறதும்தான் பிரச்சினை. வெயில்ல உலோகம் ஒரு அளவுக்கு விரியும், பிசின் வேற அளவுக்கு விரியும். ரெண்டுக்கும் நடுவுல முடிகூட நுழையாத இடுக்கு ஒண்ணு விழும். அதுல உப்புத் தண்ணி போகும். கை காயறப்ப அங்கயே உப்பா உறையும். உறையறப்ப அதுக்கு இடம் வேணும், இடுக்கைத் தள்ளும். மறுபடி நனையும், மறுபடி காயும், இன்னும் கொஞ்சம் தள்ளும். நீச்சல் குளத்துல குதிக்கறவனுக்கு இது நடக்காது. பாத்தியில காலையில இருந்து நிக்கறவனுக்கு ஒரு நாள்ல எத்தனை தடவை நடக்கும்னு நீயே யோசிச்சுக்க.

சும்மா சொல்லல. செஞ்சு பாத்தேன். மேல கீறல் விழுந்துச்சுன்னு கழிச்சுப் போட்ட மோதிரங்க கொஞ்சம் கிடந்துச்சு. தண்ணி சோதனையில தேறினதுங்கதான். அம்மா கொடுத்தனுப்பின உப்பை இனி கரையாதுங்கற வரைக்கும் தண்ணியில கரைச்சு, அதுல போட்டு எடுத்து, சூட்டுல காய வெச்சு, திரும்பத் திரும்ப பண்ணினேன். பிசின் ஓரத்துல வெள்ளைக் கோடு கட்டிச்சு. அப்புறம் ஒண்ணு செத்துப் போச்சு. இன்னொண்ணுல பேட்டரி உப்பி, பிசினைப் பிளந்துக்கிட்டு வெளிய வந்துச்சு. தொட்டேன், சுட்டுச்சு.

எடுத்துக்கிட்டு நேரா மேனேஜர் புருஷோத்தமன் சார்கிட்ட போனேன்.

"யாரு உங்களை இதைச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். உப்பளத்துல கொடுத்திருக்கீங்களே."

"விதிமுறையில நல்ல தண்ணின்னுதான் இருக்கு. அதுல தேறிடுச்சு. உங்க வேலை அதோட முடிஞ்சுது."

மோதிரத்தை வாங்கி டிராயர்ல போட்டு மூடிட்டாரு.

இன்னொண்ணு. அண்ணி போன்ல ஒரு சேதி சொன்னாங்க. நீ பகலெல்லாம் கொட்டகையில உக்காந்து போனையே பாத்துக்கிட்டு இருக்கியாமே? யாராவது உப்பு வார்ற பலகையைக் கீழ வெச்சுட்டு நிமிந்து நின்னாகூட அதுல தெரியுதாமே? நாடி பாக்கறதுக்குன்னுதானே எழுதினே? அந்தப் போன்ல வேற இன்னா தெரியுதுன்னு எழுது.

எல்லார் மோதிரத்தையும் கழட்டிட்டு எழுது.

செந்தமிழ்

---

மரக்காணம்
20.4.2025

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

பதில் போட நாளாயிடுச்சு, மனசுல வெச்சுக்காதே. இங்க எல்லாரும் நல்லபடியா இருக்கோம். சித்திரை ஒண்ணுக்கு அண்ணி வேப்பம்பூ பச்சடி வெச்சும், நீ இல்லாம யாருக்கும் தொண்டையில இறங்கல. வெயில் இப்பவே தகிக்குது.

கிளியனூர்ல இருந்து ஒரு வரன் வந்திருக்குது. பையன் வானூர்ல தாலுக்கா ஆபீஸ்ல இருக்கான். அமைதியான குடும்பம். அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மே மாசம் லீவு போட்டு வந்தா பாத்துப் பேசிடலாம்.

அளத்துல வேலை எப்பவும் போல நடக்குது. பூவிழிதான் உடம்பு சரியில்லாம கொஞ்ச நாளா வர்றதில்ல. மத்தபடி ஒண்ணும் விசேஷம் இல்ல.

நீயும் அந்தக் கம்பெனியிலதான் சம்பளம் வாங்குற, நானும் அந்தக் கம்பெனி அட்டையைத்தான் போட்டிருக்கேன். பெரியவங்களை எதுத்துப் பேசி வேலையைக் கெடுத்துக்காதே. அண்ணன் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.

ஜாதகம் உன்கிட்ட இருந்தா அனுப்பி வை.

தனகோடி

---

மரக்காணம்
8.5.2025

செந்தமிழுக்கு பூவிழி எழுதுறது.

உன் கடிதம் வந்துச்சு. உடம்புக்கு இன்னான்னு கேட்டிருந்தே. போன் எடுக்காததுக்குக் காரணம் உங்க அண்ணன். யார்கிட்டயும் பேசாதேன்னாரு. கை வலிக்குது, எழுத்து கோணல் மாணலா இருக்கும். நிறுத்தி நிறுத்தித்தான் எழுத முடியுது.

என் வலது கை மோதிர விரல் பாதி இல்ல.

பங்குனியிலயே மோதிரத்துக்கு அடியில அரிக்க ஆரம்பிச்சுது. தோல் சிவந்து, ஓரத்துல வெள்ளையா உப்பு பூத்து நின்னுச்சு. கழட்டறேண்ணேன்னு உங்க அண்ணன்கிட்ட கேட்டேன். "கழட்டினா நீ வேலைக்கே வரலன்னு போன்ல காட்டும், அரை நாள் கூலி போயிடும், அப்புறம் உன் இஷ்டம்"னாரு. நிமிந்து நின்னாலே கொட்டகையில இருந்து பேரு சொல்லிக் கூப்பிடற ஆளு. நான் கழட்டல. வீட்டுக்காரர் இல்லாம ரெண்டு பிள்ளைங்களை வளக்கறவ, அரை நாளை எங்க இருந்து விடுவேன்?

வருசப் பிறப்புக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப, உச்சி வெயில்ல, விரல்ல நெருப்புத் துண்டை வெச்ச மாதிரி இருந்துச்சு. பலகையைப் போட்டுட்டுக் கத்தினேன். இழுத்தா வரல. வெயில்ல விரல் வீங்கிக் கிடந்துச்சு. பாத்தித் தண்ணியிலயே கையை முக்கினேன். அது புண்ணுல உப்பு. நான் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுச்சாம்.

உங்க அண்ணன்தான் பைக்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனாரு. வழியெல்லாம் அழுதாரு, அதை மறைக்கல நான். அந்த உலோகம் லேசுல அறுபடல. இங்க முடியாம பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி, மிஷின் கொண்டாந்து அறுத்து எடுக்கறதுக்குள்ள ரத்தம் ஓடாம விரல் கறுத்துப் போச்சு. நாலு நாள் வெச்சுப் பாத்துட்டு எடுத்துட்டாங்க.

எடுக்கறதுக்கு முன்னாடி நாள் உங்க அண்ணன் கட்டில் பக்கத்துல வந்து உக்காந்தாரு. அழுத ஆளு அழுகையெல்லாம் நிறுத்திட்டு, "கம்பெனியில இருந்து கேட்டா, ஈரமா இருந்துச்சுன்னு நீ அடுப்புகிட்ட காய வெச்சேன்னு சொல்லிடு. மத்ததை நான் பாத்துக்கறேன்"னாரு. எனக்கு ஊசி போட்டிருந்தாங்க. தலையை ஆட்டிட்டேன்.

தண்ணி போகாதுன்னு பாஸ் போடறது நீதானாமே. உங்க அண்ணனே பெருமையா சொல்லுவாரு. என் மோதிரத்துக்கும் நீதான் போட்டியா? அதை மட்டும் எழுது. நலமான்னு கேட்டு எழுதாதே.

பூவிழி

---

ஓசூர்
12.5.2025

அண்ணனுக்கு,

நல்லா இருக்கியான்னு கேக்கப் போறதில்ல.

"உடம்பு சரியில்லாம வர்றதில்ல." எந்தக் கையால எழுதினே இதை? அதுக்குக் கீழயே எனக்கு வரன் பாத்திருக்கேன்னு எழுதினியே, மை காயறதுக்குள்ளயா எழுதினே? பச்சடி தொண்டையில இறங்கலன்னு எழுதினே. அதே நேரத்துல அவ ஆஸ்பத்திரியில கறுத்த விரலோட கிடந்தா.

கண்ணாயிரத்தோட கனம் தோள்ல இருக்குதுன்னு எழுதினப்ப நான் அழுதேன். அந்தக் கனத்தை எடுத்துக்கிட்டுப் போயி யார் நிமிந்து நிக்கிறான்னு எண்ணறதுக்குப் போட்டுட்டியே. விரல்ல அரிக்குதுன்னு ஒரு பொம்பளை வந்து நின்னப்ப உனக்கு என் கடிதம் ஞாபகம் வரலியா? ரெண்டு கடிதம் எழுதினேனே. படிச்சுட்டுத்தானே கழட்டாதேன்னு சொன்னே?

அடுப்புகிட்ட காய வெச்சேன்னு அவளைச் சொல்லச் சொன்னியாம். அடுத்த ஆளு விரல் போனா அவங்க எந்த அடுப்புகிட்ட வெச்சாங்கன்னு சொல்லுவே?

இன்னைக்கே எல்லா மோதிரத்தையும் கழட்டு. நான் விழுப்புரத்துக்குப் போயி தொழிலாளர் ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன். உன் பேரையும் சேத்துத்தான். முன்கூட்டியே சொல்லிடறேன்.

பூவிழி என்னைக் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல. ஒரு நாளைக்கு எத்தனையோ மோதிரம் என் கையில வருது. அவளோடது என்கிட்ட வந்துச்சா, பக்கத்து மேஜைக்குப் போச்சான்னு தெரியாது. அப்படியே எழுதி அனுப்பிட்டேன்.

செந்தமிழ்

---

மரக்காணம்
25.5.2025

செந்தமிழுக்கு,

ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு எழுதறது சுலபம்.

நீ படிச்சுட்டு ஓசூருக்குப் போயிட்டே. நான் பதினாறு வயசுல இருந்து இந்த வெள்ளையில நின்னு கண்ணு போச்சு, காலு வெடிச்சுப் போச்சு. அளத்துக்காரன், நம்ம முதலாளி, அவன் எதிர்ல ஒரு நாளாவது உக்காந்திருக்கேனா? கம்பெனிக்காரங்க வந்து "சார், உக்காருங்க"ன்னு நாற்காலி போட்டாங்க. என்னைப் போயி யாரும் அதுவரைக்கும் சார்னு கூப்பிட்டதில்ல. உனக்கு அது புரியாது.

யார் நிக்கிறா யார் உக்கார்றான்னு பாக்கச் சொன்னது அளத்துக்காரன். நான் பாக்கலன்னா வேற ஒருத்தனைப் போட்டுப் பாப்பான். அடுப்பு விஷயம் கம்பெனி ஆளு சொல்லிக் கொடுத்தது. அப்படிச் சொன்னாத்தான் ஆஸ்பத்திரி செலவைப் பேசி வாங்கித் தர முடியும்னான். நான் நம்பினேன். வேற இன்னா பண்ணச் சொல்ற?

மோதிரத்தைக் கழட்டிட்டாங்க. போதுமா?

சொந்த அண்ணன் மேல எழுதிக் கொடுக்கப் போறேன்னு நீ எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு நாளா சாப்பிடல. அவங்க உயிருக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதையும் சேத்து எழுதிக் கொடு.

தனகோடி

---

மரக்காணம்
15.6.2025

அன்புள்ள தமிழுக்கு,

அண்ணி சந்தியா எழுதுறேன். உடம்பைப் பாத்துக்க. அம்மா நல்லா சாப்பிடுறாங்க, அவரு உனக்கு எழுதின அன்னைக்கும் சாப்பிட்டாங்க, அதைப் பத்திக் கவலைப்படாதே.

மோதிரத்தைக் கழட்டிட்டாங்கன்னு அவரு உனக்கு எழுதினாராமே. நீ போன்ல சொல்லித்தான் எனக்கே தெரியும். எப்படிக் கழட்டினாரு தெரியுமா? வலது கையில இருந்து கழட்டி இடது கையில மாட்டிக்கச் சொன்னாரு. இடது கை அவ்வளவா நனையாதாம்.

வியாழக்கிழமை அவருக்குச் சோறு எடுத்துக்கிட்டு அளத்துக்குப் போனேன். தூக்குச் சட்டியோட ஒரு பக்கெட், ஒரு சோப்பு, ஒரு நூல்கண்டும் எடுத்துக்கிட்டேன். வரப்பு மேல நின்னு, "எல்லாரும் இங்க வாங்கடி"ன்னு கூப்பிட்டேன்.

அவரு கொட்டகையில இருந்து ஓடியாந்தாரு. "யாரு சொல்லி வந்தே?"

"பூவிழி விரல் சொல்லி வந்தேன்."

"வேலை நேரத்துல வந்து கலாட்டா பண்ணாதே. வீட்டுக்குப் போ."

"உங்க விரல்ல ஏன் மோதிரம் இல்ல? முதல்ல அதைச் சொல்லுங்க, போறேன்."

பொம்பளைங்க எல்லாம் அவரு கையைப் பாத்தாங்க. அவரு கையைப் பின்னால கட்டிக்கிட்டாரு. அதுக்கப்புறம் யாரையும் நான் கூப்பிட வேண்டியிருக்கல. ஒவ்வொருத்தியா வந்து சோப்புத் தண்ணியில கையை விட்டாங்க. ஆராயி அக்காவுக்கு விரல் வீங்கி இறங்கவே இல்ல. நூலை நெருக்கமாச் சுத்தி, மோதிரத்தை அது மேல உருட்டி உருட்டி எடுத்தேன். அடியில தோல் வெந்து கிடந்துச்சு. "வலிச்சா சொல்லுக்கா"ன்னேன். "இத்தனை நாளா வலிக்குதுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்"னாங்க.

கழட்டக் கழட்ட அவரு போன் கத்துது. ஒரு மோதிரத்துக்கு ஒரு கத்தல். அணைச்சுத் தொலைங்கன்னேன். அவரு அணைக்கல. நானே பிடுங்கி மோதிரத்தோட பக்கெட்ல போட்டுட்டேன். அந்தப் போன் எத்தனை மீட்டர் தாங்கும்னு எனக்குத் தெரியாது.

சாயங்காலம் கம்பெனி ஆளுங்க காரை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்க, பக்கெட்டைக் கொடுன்னு. "உங்க வீட்டுப் பொண்ணு இதை மாட்டிக்கிட்டுப் பாத்தியில நிக்கட்டும், அப்புறம் கொடுக்கறேன்"னு கதவைச் சாத்திட்டேன்.

எப்ப வர்றே? சீக்கிரம் வா.

சந்தியா

---

விழுப்புரம்
9.7.2025

அண்ணனுக்கு,

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு டீக்கடையில உக்காந்து எழுதுறேன். அம்மாகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லு.

போன மாசமே எழுதிக் கொடுத்துட்டேன், இன்னைக்கு விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. அண்ணி பக்கெட்டோட வந்தாங்க. பூவிழியும் வந்தா. என்கூட ஒரு வார்த்தை பேசல, என் பக்கத்துல உக்காரவும் இல்ல.

அந்த மோதிரம் எப்படிச் செய்யறாங்க, எந்தத் தண்ணியில பாக்கறாங்க, பாத்தியில போட்டா ஏன் பிளக்குதுன்னு எல்லாத்தையும் சொன்னேன். உப்புல போட்டுப் பாத்ததையும் புருஷோத்தமன் சார் டிராயர்ல வெச்சு மூடினதையும் சொன்னேன். அவரும் வந்திருந்தாரு. "அந்த அம்மா அனுமதியில்லாம செஞ்ச சோதனை, கணக்குல வராது"ன்னாரு. பூவிழி எழுந்திருச்சு அவரு மேஜை மேல கையை வெச்சா. "இது கணக்குல வருமா சார்?"னு கேட்டா. அவரு காகிதத்தைப் புரட்ட ஆரம்பிச்சுட்டாரு.

உன்னைப் பத்தியும் சொன்னேன். கழட்டினா அரை நாள் போகும்னு நீ மிரட்டினது, அடுப்புன்னு சொல்லச் சொன்னது, கை மாத்திப் போடச் சொன்னது, மூணும். உன் கடிதம் எதையும் எடுத்துட்டுப் போகல. அது நமக்குள்ள எழுதினது. என் வாய் போதும்.

திங்கட்கிழமையில இருந்து வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு வருத்தம் இல்லன்னு சொன்னா பொய். ஆனா அந்தத் தொட்டி முன்னால இனிமே நிக்க முடியாது. மோதிரத்தைக் கையில எடுத்தாலே பூவிழி கத்தினது கேக்குது, கேட்டதே இல்லாத சத்தம்.

அடுத்த மாசம் உன்னைக் கூப்பிடுவாங்க. உன் இஷ்டப்படி பேசு. எனக்காகவோ அம்மாவுக்காகவோ பேசாதே.

நான் கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கு வரல. உன் முகத்தைப் பாத்தா அடிச்சிடுவேன்.

செந்தமிழ்

---

மரக்காணம்
24.8.2025

செந்தமிழுக்கு,

அம்மா, அண்ணி நல்லா இருக்காங்க.

கூப்பிட்டாங்க, போனேன். கம்பெனி ஆளு முந்தின நாளே வந்து என்ன பேசணும்னு சொல்லிக் கொடுத்துட்டுப் போனான். உள்ள போனதும் அதைத்தான் பேச வாயைத் திறந்தேன். பூவிழி எதிர்ல உக்காந்திருந்தா. என்னைப் பாக்கல, பாதி விரலை மத்த கையால மூடிக்கிட்டு ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தா. மூடி மறைக்கற அளவுக்கு இவ எதுக்கு வெக்கப்படணும்னு தோணிச்சு. அவ்வளவுதான். அடுப்பெல்லாம் பொய், நான்தான் சொல்லச் சொன்னேன்னு சொல்லிட்டேன். அவ கேட்டப்ப கழட்ட விடாததும் நான்தான்னு சொன்னேன். நீ எழுதின ரெண்டு கடிதத்தையும் படிச்சுட்டுத்தான் விடலன்னும் சொன்னேன். அதை அவங்க கேக்கல. நானா சொன்னேன்.

அட்டையை அங்கயே மேஜை மேல வெச்சுட்டு வந்தேன். அளத்துக்காரன் மேஸ்திரி வேலையில இருந்து எடுத்துட்டான்.

பூவிழி வீட்டுக்குப் போயிப் பேசலாம்னு பாத்தேன். கதவைத் திறக்கல. வாசல்ல நின்னு சொல்ல வந்ததைச் சொல்லிட்டு வந்தேன். கேட்டாளா இல்லையான்னு தெரியல. மறுநாளும் போனேன். இன்னைக்கும் போகணும்.

நீ வந்து அடிச்சாலும் சரி, வா.

அண்ணன்

---

மரக்காணம்
14.9.2025

செந்தமிழுக்கு பூவிழி எழுதுறது.

அண்ணிகிட்ட விலாசம் வாங்கினேன். திண்டிவனத்துல ரூம் எடுத்திருக்கியாமே. வேலை கிடைச்சுதா?

விழுப்புரத்துல முடிஞ்சுது. ஆஸ்பத்திரி செலவும் நஷ்ட ஈடும் கம்பெனி கொடுக்கணும்னு ஆயிடுச்சு. இங்க இனிமே மோதிரம் கிடையாது. கையெழுத்துப் போடறப்ப அந்த மேனேஜரு என்னைப் பாத்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா"ன்னாரு. உங்களுக்கு முடிஞ்சுது சார், நான் நாளைக்குக் காலையில பலகையைப் பிடிக்கணும்னேன்.

வேலைக்குப் போறேன். பலகை நழுவுது. நாலு விரலுக்குப் பழகணும். பிள்ளைங்களுக்குத் தலை சீவறப்பதான் ரொம்பத் தெரியுது. சின்னவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறவ, இப்ப இந்தப் பக்கம் வராம அந்தப் பக்கம் போயிப் பிடிச்சுக்கறா.

உங்க அண்ணனும் இப்ப உப்புதான் வார்றாரு, எனக்குக் கொஞ்சம் பாத்தி தள்ளி. தினமும் சாயங்காலம் வாசல்ல வந்து நிக்கிறாரு. அவரை வர வேணாம்னு சொல்லு. அவரு சொன்னதெல்லாம் என் காதுல விழுந்துச்சு. ஆபீஸ்ல பேசினதும் விழுந்துச்சு. அதுக்காக நான் கதவைத் திறக்கணும்னு ஒண்ணும் இல்ல. எனக்குக் கோவம் தீரல. தீந்தா நானே சொல்லி அனுப்புறேன், தீரலன்னா அதையும் கேக்கக் கூடாது. உன் மேலயும்தான். நீ எனக்காக வேலையை விட்டேன்னு ஊர்ல பேசுறாங்க. நான் விடச் சொல்லல.

இப்ப எழுதறதுக்குக் காரணம் வேற. நேத்து உப்பு ஏத்த வந்த லாரி டிரைவர் ஒரு சேதி சொன்னாரு. வேதாரண்யம் பக்கம் அளத்துல மோதிரம் கொடுத்துக்கிட்டு இருக்காங்களாம். பேரை மாத்தி, டப்பா கலரை மாத்தி. அதே ஐம்பது மீட்டர். வரிசையா நிக்க வெச்சுப் போட்டோ எடுத்தாங்களாம்.

கேட்டதுல இருந்து எனக்கு அதே நினைப்பா இருக்குது. அங்க ஒருத்தி இருப்பா, அரிக்குதுன்னு சொன்னா அரை நாள் போகும்னு பொறுத்துக்கிட்டு இருப்பா. அவகிட்ட நான் நேர்ல போயி கையைக் காட்டணும். நீ மோதிரத்தோட உள்பக்கம் எப்படின்னு சொல்லணும். உனக்குத்தான் அது தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில முதல் பஸ்ஸுக்கு மரக்காணம் ஸ்டாண்டுக்கு வா. எங்க மாறணும்னு எனக்குத் தெரியாது, நீ விசாரிச்சு வை. பிள்ளைங்களை உங்க அண்ணி பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க.

வழியில என்கிட்ட பேச்சுக் கொடுக்காதே. பக்கத்துல உக்காந்துக்க.

பூவிழி